பட்டை ஸ்பிரிங் பிக்கப்புக்கு லாங் டிராவல் ஷாக்: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

முதலில் ஷாக்கை (ஷாக் அப்சார்பர்) வாங்கிவிட்டு, அப்புறம் அதை எங்கே மாட்டுவது என்று வண்டிக்கடியில் படுத்துத் தேடுகிறவர்கள்தான் அதிகம். ஷாக் நீண்டு சுருங்கும் தூரம் 14 இன்ச், 16 இன்ச் என்று விளம்பரத்தில் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் பின் அச்சு எவ்வளவு தூரம் ஏறி இறங்க முடியும் என்பதைப் பட்டையும், பம்ப் ஸ்டாப்பும் (அச்சு மேலே வந்து சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் தடுப்பு), சேசிஸும், டயர் இடிக்கும் இடமும்தான் முடிவு செய்கின்றன. ஷாக் அந்தத் தூரத்துக்குள் வேலை செய்ய வந்த கூலியாள். தூரத்தை அளந்து வைத்துக்கொண்டால் எந்த ஷாக், எவ்வளவு சாய்வு, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அளவெடுப்பதைப் பற்றித்தான். வெல்டிங் பிறகு வரும்.

இந்த வேலைக்குப் பிறப்பிடம் தெற்குக் கலிபோர்னியாவின் பாலைவனமும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பமும். 1967இல் பாஹாவில் நீண்ட பாலைவனப் பந்தயம் தொடங்கியது. பந்தயத்துக்கு முன்பே தடத்தை ஓட்டிப் பார்க்கப் போன பிக்கப்களைப் ப்ரீரன்னர் என்றார்கள். டொயோட்டாவே அந்தப் பெயரில் ஒரு டகோமா பிக்கப்பை விற்றது. அதன் பின்புறத்திலும் வழக்கமான பட்டைதான். இங்கே எடுத்துக்காட்டுக்கு 2005 முதல் 2015 வரை வந்த டகோமாவையே எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டு ரேஞ்சர் வைத்திருந்தாலும் முறை இதேதான், அளவுகள் மாறும்.

இந்தியாவில் வி-கிராஸோ ஹைலக்ஸோ வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் சேசிஸை வெட்டி ஒட்டுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சொற்கள், ஒரு எச்சரிக்கை

சக்கரம் பாடியை நோக்கி மேலே வருவதை ஏற்றம் என்றும், வண்டி பறக்கும்போது சக்கரம் கீழே தொங்குவதைத் தொங்கல் என்றும் சொல்கிறேன். இரண்டையும் கூட்டினால் மொத்த டிராவல்.

எச்சரிக்கை இது. கம்பெனிப் பட்டையை அப்படியே வைத்துக்கொண்டு 14 இன்ச் ஷாக் மாட்டுவது வீண். சுமை தூக்குவதற்காகச் செய்த பட்டை அது; குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும், கீழே தடித்த ஓவர்லோடு பட்டை வேறு. அவ்வளவு தூரம் அது வளையாது, வளைத்தால் சீக்கிரம் உடையும். மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்கிய பாலைவனப் பட்டைக்கட்டு தனியாகக் கிடைக்கிறது. கை கொஞ்சம் கட்டையென்றால், பழைய ஷெவர்லே அரை டன் பிக்கப்பின் 63 இன்ச் பட்டையை எடுத்து, அதற்கேற்ப ஹேங்கரை (பட்டை நுனியைச் சேசிஸில் பிடிக்கும் தாங்கி) நகர்த்திப் பொருத்துவது அமெரிக்கப் பட்டறைகளில் வெகுகாலமாக நடக்கும் வழி. பட்டை நீளமாக இருந்தால் அதே தூரம் ஏறி இறங்க அது குறைவாக வளைந்தால் போதும், ஆயுசும் கூடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பட்டைக்குப் போடுங்கள், ஷாக் அடுத்த வருஷம் வரட்டும்.

வண்டியைக் கழற்றி நிறுத்துவது

புதுப் பட்டையை மாட்டி, வழக்கமாக ஏற்றும் கருவிப்பெட்டி, ஸ்டெப்னி, முழு டேங்க் பெட்ரோல் எல்லாவற்றோடும் வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். அச்சுக் குழாயின் மேற்பரப்பிலிருந்து சேசிஸின் அடிவரை உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து எழுதுங்கள். இதுதான் நிற்கும் உயரம். இனி எல்லாக் கணக்குக்கும் அடிப்படை இந்த எண். வெறும் வண்டியில் அளந்தால், சாமான் ஏறியதும் ஏற்றத்தில் ஒரு இன்ச், இரண்டு இன்ச் காணாமல் போகும்.

அடுத்து பின் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம். பெட்டியோடு வேலை செய்தால் முதுகும் போகும், அளவும் தப்பும்.

சேசிஸுக்கு அடியில் நல்ல ஸ்டாண்டுகளைக் கொடுத்து, அச்சை மட்டும் ஜாக்கியில் தாங்குங்கள். பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் பட்டையில் அழுத்தம் மிச்சமில்லை என்பதை உறுதி செய்யுங்கள். பட்டைக்கட்டின் சென்டர் போல்ட்டைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் துள்ளிப் பிரியும், விரல் நடுவில் இருந்தால் அவ்வளவுதான்.

பட்டைகளைப் பிரித்து மெயின் பட்டையை மட்டும் திரும்ப மாட்டுங்கள். முழுக்கட்டு இருந்தால் ஜாக்கியால் அச்சை மேலே தள்ளவே முடியாது, வண்டிதான் ஸ்டாண்டிலிருந்து எழும்பும். மெயின் பட்டை மட்டும் என்றால் அச்சு லேசாக ஏறி இறங்கும். அதே சமயம் பட்டை போடும் வளைகோட்டிலேயே போகும். டகோமாவில் பட்டை அச்சுக்கு மேலே உட்காருகிறது. கீழ்ப் பட்டைகளை எடுத்துவிட்டதால் மெயின் பட்டைக்கும் அச்சின் மேடைக்கும் நடுவே அவற்றின் கனம் குறைந்திருக்கும், அச்சு அந்த அளவுக்கு மேலே வந்திருக்கும். எடுத்த பட்டைகளின் மொத்தக் கனத்துக்கு ஒரு இரும்புக் கட்டையை நடுவில் வையுங்கள். இரண்டு இன்ச் கனம் என்றால் இரண்டு இன்ச் கட்டை. இதை விட்டுவிட்டால் மேலே எடுக்கும் அளவெல்லாம் பொய்.

ஏற்றித் தொங்கவிட்டுப் பார்ப்பது

சக்கரத்தை மாட்டியே செய்யுங்கள், ஓட்டப்போகும் அதே டயரோடு. ஜாக்கியை மெதுவாக ஏற்றிக்கொண்டே ஒருவர் அடியில் பார்க்க வேண்டும். எது முதலில் இடிக்கிறது? அச்சுக் குழாய் சேசிஸை நெருங்குகிறதா, டிஃபரன்ஷியல் குண்டு குறுக்குச் சட்டத்தைத் தொடுகிறதா, சைலன்சர் குழாய் அச்சில் உட்காருகிறதா, டயர் வீல் ஆர்ச்சின் முன்விளிம்பைக் கடிக்கிறதா? பெட்டி கழற்றியிருப்பதால் ஆர்ச்சுக்கு மட்டும் தற்காலிகமாகப் பெட்டியைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்க்க வழியில்லை. இடிக்கும் இடம் தெரிந்ததும் அதற்கு ஒரு இன்ச் முன்பே நிறுத்துங்கள். பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கிய நிலையில் இந்த உயரத்தில்தான் அச்சு நிற்க வேண்டும். அதுவே முழு ஏற்றம். சேசிஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, எண்ணையும் எழுதிவிடுங்கள்.

பிறகு கீழே இறக்குங்கள். தொங்கலில் கவனிக்க வேண்டியவை வேறு. சாக்கிள் (பட்டையின் பின்நுனியைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) முன்பக்கம் சாய்ந்துகொண்டே போய்ச் சேசிஸிலோ ஹேங்கரிலோ முட்டக் கூடாது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு இடத்தில் இறுகினால் யு ஜாயின்ட் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள், ஒரு இன்ச் மேலே வாருங்கள். ஸ்லிப் பகுதி வெளியே வந்து நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள், டிஃபரன்ஷியலின் மூச்சுக் குழாய் எதுவும் விறைத்து நிற்கக் கூடாது. பிரேக் ஹோஸ் பெரும்பாலும் விறைக்கும். நீளமான பின்னல் ஹோஸுக்கு அப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் தொங்கல் என்று அச்சைச் சரித்தும் ஒருமுறை. டயர் உள்பக்கமாகச் சாய்ந்து பட்டையையோ சேசிஸையோ உரசுவது இந்த நிலையில்தான் தெரியும்.

கணக்கு

நம் எடுத்துக்காட்டில், நிற்கும் உயரத்திலிருந்து ஏற்றம் 6.5 இன்ச், தொங்கல் 7 இன்ச் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 13.5. பந்தயக்காரர்கள் ஏற்றத்தின் பக்கம் கூடுதலாக ஒதுக்கப் பார்ப்பார்கள், மேட்டில் அடிபடுவது அங்கேதான். பெட்டியைக் காப்பாற்ற நினைக்கும் வண்டியில் ஏறக்குறைய சரிபாதிதான் கிடைக்கும். பரவாயில்லை.

ஷாக் செங்குத்தாக நின்றால் அச்சு நகரும் தூரமும் ஷாக் நகரும் தூரமும் ஒன்று. சாய்த்தால் ஷாக் குறைவாக நகரும். 15 டிகிரி சாய்வில் 0.966 பங்கு, 30 டிகிரியில் 0.866 பங்கு, 45 டிகிரியில் 0.707 பங்கு. அச்சில் கிடைக்கும் தணிப்பு இதைவிட வேகமாகக் குறையும், அந்தப் பங்கின் வர்க்கமாக. 45 டிகிரியில் பாதித் தணிப்புதான் மிச்சம். பாதி வேலை மட்டும் செய்யும் ஷாக்குக்கு முழு விலை கொடுப்பானேன்? 15 முதல் 20 டிகிரிக்குள் நிறுத்தப் பாருங்கள். 30ஐத் தாண்டாதீர்கள்.

15 டிகிரி என்று எடுத்தால் 13.5 × 0.966, அதாவது ஏறக்குறைய 13 இன்ச். 14 இன்ச் ஷாக் போதும், மேலே அரை இன்ச், கீழே அரை இன்ச் மிச்சம். உங்கள் ஷாக்கின் குறுகிய நீளம் கண்ணுக்குக் கண் 23 இன்ச், நீண்டது 37 இன்ச் என்று வைத்துக்கொண்டால் (தயாரிப்பாளர் தாளில் சரியான எண் இருக்கும்), முழு ஏற்றத்தில் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 23.5, முழுத் தொங்கலில் 36.5 இருக்க வேண்டும். நிற்கும் உயரத்தில் 29.8 வரும். இந்த மூன்று எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள்.

சாய்வுக் கோணம் அச்சு நகர நகர மாறும். பட்டை அச்சை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளும். ஆகவே இந்தக் கணக்கு தொடக்கப்புள்ளிதான். முடிவு சொல்வது டம்மி ஷாக். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு சதுரக் குழாய், நுனியில் போல்ட் ஓட்டை, குறுகிய நீளத்துக்கும் நீண்டதுக்கும் மார்க்கரில் கோடு. நைட்ரஜன் அழுத்தம் நிரப்பிய உண்மையான ஷாக்கைக் கையால் அமுக்கி அளவு பார்ப்பது நடக்கிற காரியமல்ல.

மேல் நுனி எங்கே

23 இன்ச்சுக்குள் சுருங்கவே சுருங்காத ஒரு பொருளை, முழு ஏற்றத்தில் அச்சுக்கும் மேலே இருக்கும் இடத்துக்கும் நடுவே வைக்க வேண்டும். பெட்டித் தளத்துக்கு அடியில் அவ்வளவு உயரம் இருக்காது. இங்கேதான் பாதை பிரிகிறது.

பெட்டியை வெட்ட மனமில்லை என்றால் 10 அல்லது 12 இன்ச் ஷாக்கோடு நின்றுவிடுங்கள். சேசிஸின் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாயை வெல்ட் செய்து, அதில் மேல் நுனியைப் பிடித்து, ஷாக்கைச் சாய்த்து விடலாம். வாரக்கடைசியில் கூடாரத்தோடு பாலைவனத்துக்குப் போய்வருகிற குடும்பத்துக்கு இதுவே தாராளம். பலரும் அடுத்த பாதைக்குத் தாவுவது அழகுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

14 இன்ச் தான் வேண்டும் என்றால் ஷாக் பெட்டித் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். 1.75 இன்ச் விட்டம், 0.120 இன்ச் சுவர் கனமுள்ள டி.ஓ.எம். குழாயில் (இழுத்து உருவாக்கிய உறுதியான எஃகுக் குழாய்) ஒரு கூண்டு கட்டி, ஷாக்கின் மேல் நுனியை அதில் பிடிக்க வேண்டும். கூண்டின் கால்கள் சேசிஸில்தான் இறங்க வேண்டும், பெட்டியின் தளத்தில் அல்ல. டகோமாவின் பெட்டி உள்பக்கம் இரும்பே இல்லை, நார் கலந்த பிளாஸ்டிக் வார்ப்பு. அதில் வெல்டிங் ஒட்டாது, போல்ட் போட்டால் விரிசல் விடும். வெட்டும்போது நார்த்தூள் பறக்கும். மூக்குக்கு நல்ல முகமூடி, கைக்கு முழுக்கைச் சட்டை. ஷாக் வரும் ஓட்டையைத் தாராளமாக வெட்டுங்கள், பெட்டியும் சேசிஸும் ஒன்றாக அசைவதில்லை.

கான்டிலீவர் என்று மூன்றாவது ஒன்று உண்டு, நெம்புகோல் வைத்து ஷாக்கைப் படுக்க வைப்பது. முதல் வண்டியில் வேண்டாம்.

எந்த வழியானாலும் ஷாக்கை இரண்டு சக்கரங்களுக்கும் எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு வெளியே தள்ளுங்கள். உள்ளே வந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது வித்தியாசம் தெரியாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதோ வளைவில் வண்டி சாயும்போதோ ஷாக் குறைவாக நகரும், வண்டி ஆடும்.

கீழ் நுனி

கீழ் டேபை (ஷாக்கின் போல்ட்டைப் பிடிக்க வெல்ட் செய்யும் இரும்புக் காது) அச்சுக்குக் கீழே தொங்கவிட்டால் நீளத்துக்கு இடம் கிடைக்கும். கூடவே முதல் பாறையும் அதில்தான் மோதும். அச்சுக் குழாயின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே, அச்சின் பின்பக்கம் வைப்பது நல்லது. முன்னால் தெறிக்கும் கல்லுக்கு அச்சே மறைப்பாகிவிடும், பெட்ரோல் டேங்கோடும் சண்டையில்லை. நீளமான மெல்லிய பட்டை, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அச்சோடு முறுக்கிக்கொள்ளும். பின்சக்கரம் தத்தினால் அதற்குத் தனியாக முறுக்குத் தடுப்புக் கம்பி உண்டு. முதலில் ஓட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

டேப் 1/4 இன்ச் மைல்ட் ஸ்டீல். ஷாக்கின் கண்ணுக்கு இரண்டு பக்கமும் டேப் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்ட் வளையும், ஒருநாள் ஒடியும். போல்ட் அரை இன்ச் கிரேடு 8, நட்டு தானாகக் கழலாத பூட்டு நட்டு. அச்சு சரியும்போது ஷாக்கின் கண் பக்கவாட்டில் திரும்ப இடம் வேண்டும், அதனால் குண்டு பேரிங்கின் இருபுறமும் கூம்பு ஸ்பேசர் போடுங்கள்.

தலைகீழாக மாட்டலாமா என்று கேட்பார்கள். உள்ளே பிரிக்கும் பிஸ்டன் இல்லாமல் எண்ணெயும் வாயுவும் ஒன்றாக இருக்கும் ஷாக்கில் ராடு கீழே, உடம்பு மேலே. வெளியே தனி டப்பா (ரிசர்வாயர்) வைத்த ஷாக்கை எப்படியும் மாட்டலாம்.

டேக், பிறகு வெல்டிங்

எல்லாவற்றையும் முதலில் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். டம்மி ஷாக்கோடு அச்சை மறுபடி ஏற்றி, இறக்கி, சரித்து, சுவரில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். கூண்டுக் குழாய்க்கும் ஷாக் உடம்புக்கும் எல்லா நிலையிலும் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். சரியாக வந்ததும்தான் முழு வெல்ட்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி வண்டியிலிருந்து தூரமாக வையுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடினால் போதும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். எர்த் கிளாம்ப் வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாகவோ பட்டை வழியாகவோ ஓடும். பட்டையில் ஒரு தீப்பொறித் துளி ஒட்டினாலும் அந்த இடத்தில் பிறகு விரிசல் தொடங்கும். தடித்த போர்வை போட்டு மூடுங்கள். துத்தநாகம் பூசிய போல்ட்டையோ தகட்டையோ வெல்ட் செய்யாதீர்கள், புகை விஷம்.

இந்த டகோமாவின் சேசிஸ் முன்பக்கம் முழுப் பெட்டிச் சட்டம், பின்பக்கம் திறந்த சி வடிவம். கூண்டின் கால் இறங்குவது அந்தத் திறந்த பகுதியில்தான். வெறுமனே குழாயை ஒட்டினால் மெல்லிய தகடு பிய்ந்துகொண்டு வரும். 3/16 இன்ச் தகட்டை இரண்டு நுனியும் கூராக வெட்டிச் சேசிஸின் பக்கத்தில் ஒட்டி, அதன்மேல் குழாயை இறக்குங்கள். சேசிஸின் குறுக்கே மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெல்ட் ஓட்டினால் அந்தக் கோட்டிலேயே பின்னாளில் வெடிக்கும். நுனி கூராக இருப்பது அதற்காகத்தான்.

அச்சுக் குழாயில் ஒரே மூச்சில் வெல்ட் செய்தால் குழாய் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். ஒரு இன்ச் இந்தப் பக்கம், ஒரு இன்ச் அந்தப் பக்கம், கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அடுத்தது. வெல்டிங் கைவராதவர் டேக் வரை தானே செய்துவிட்டு, மிச்சத்தை உரிமம் பெற்ற வெல்டரிடம் விடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு காவலர்கள்

ஷாக் ஒருபோதும் தன் எல்லையைத் தொடக் கூடாது. மேலே பம்ப் ஸ்டாப்பும் கீழே ஸ்ட்ராப்பும் (அச்சு அளவுக்கு மேல் தொங்காமல் பிடிக்கும் நாடா) அதற்கு முன்பே அச்சைப் பிடித்துவிட வேண்டும். ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் என்றால் சேசிஸில் குப்பியை வெல்ட் செய்து, அச்சின் யு போல்ட் தகட்டின் மேல் அது நேராக மோதும்படி அமையுங்கள். யு போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பி நட்டு மேலே வரும்படி செய்யும் கிட் மாட்டினால் அந்தத் தட்டையான மேடை கூடவே வரும், நட்டு பாறையில் உரசுவதும் நிற்கும்.

ஸ்ட்ராப் துணிதான், அடி விழுந்தால் இழுபடும். ஒரு அடி நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு இன்ச் இழுபடும் என்று வைத்து, அந்த அளவுக்குக் குட்டையாகவே வாங்குங்கள். ஒவ்வொரு பக்கமும் ஷாக்குக்கு அருகில் ஒன்று.

மாட்டி முடிப்பது

முழுப் பட்டைக்கட்டையும் திரும்ப அடுக்கிப் புது யு போல்ட் போடுங்கள். ஒருமுறை இறுக்கிக் கழற்றிய யு போல்ட் இழுபட்டிருக்கும், திரும்பப் பயன்படுத்தக் கூடாது. நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது, போல்ட் தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு இறுக்குங்கள். பட்டைக் கண்ணில் ரப்பர் புஷ் இருந்தால் அந்த போல்ட்டையும் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று கிழியும்.

ஷாக்கின் தனி டப்பாவைக் கூண்டில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள், காற்றுப்படும் இடத்தில், சைலன்சரிலிருந்து தள்ளி. ஹோஸ் கூர்மையாக மடியக் கூடாது, அச்சு நகரும்போது எதிலும் உரசக் கூடாது. உள்ளே நைட்ரஜன் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், ஊசி வால்வை விளையாட்டுக்கு அமுக்காதீர்கள். ஆர்டர் போடும்போதே வண்டியின் பின் எடை, பட்டை வகை, சாய்வு மூன்றையும் சொன்னால் விற்பவரே உள்ளே தணிப்பைத் தீர்மானிக்கும் ஷிம் தகடுகளை அதற்கேற்ப அடுக்கித் தருவார்.

பிரேக் ஹோஸ் மாற்றியிருப்பதால் காற்று எடுத்து, இன்ஜின் ஓடும்போது மிதித்துப் பார்த்து, எங்கும் கசியவில்லை என்று உறுதியான பிறகே வண்டியைத் தெருவில் இறக்குங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஷாக் ராடில் சீலை ஒட்டி ஒரு நைலான் டை கட்டிவிடுங்கள். முதல் அரைமணி நேரம் மண்பாதையில் நிதானமாக. பிறகு இறங்கிப் பாருங்கள்: டை எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு ஏற்றம் பயன்பட்டிருக்கிறது. ராடின் அடிவரை வந்துவிட்டால் பம்ப் ஸ்டாப் தாமதமாகப் பிடிக்கிறது, அதை ஒரு இன்ச் இறக்க வேண்டும். வேகமாகப் போயும் பாதிகூட வரவில்லையென்றால் ஷாக் இறுக்கம் அதிகம். உடம்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று ஆறியே இருந்தால் அதில் எண்ணெயோ வாயுவோ போய்விட்டது. 100 மைல் ஓடியதும் யு போல்ட், ஷாக் போல்ட், கூண்டின் ஒவ்வொரு வெல்ட் நுனி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெயின்ட் வெடித்து மயிரிழைக் கோடு தெரிந்தால் அது பெயின்ட்டா இரும்பா என்று சுரண்டிப் பார்த்த பிறகே அடுத்த ஓட்டம்.